மாமரத்து வண்டும் முருங்கைப் பூச்சியும்

ஜீப்பின் ஹார்ன் சத்தம் கேட்டதும், மாமரத்துப் பொந்துக்குள் சைக்கிள் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்த அர்த்தநாரியின் கை அப்படியே நின்றது. நாய் தாறுமாறாகக் குரைத்துக்கொண்டு வண்டித்தடத்தை நோக்கி ஓடியது.

"ஏனுங்க, ஜீப்பு நம்ம தடத்துலதான் திரும்புதுங்க. அம்மைக்காரங்க ஜீப்பு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி ராமாயி ஓடிவந்தாள். மாவரைத்த கையைக்கூடக் கழுவவில்லை.

"சத்தம் போடாதே. உள்ளே போய்க் கதவைச் சாத்து."

"சாத்தினா விட்டுருவாங்களா?"

விடமாட்டார்கள். அது 1975, கார்த்திகை மாசம். சுகாதார இலாகாவின் ஜீப் ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆட்டையாம்பட்டிச் சந்தைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள்: பெரியம்மை கண்டவரைப் பற்றித் தகவல் தந்தால் ஆயிரம் ரூபாய் பரிசு. அப்படி ஒருவருக்கு இருப்பதாகத் தெரிந்துவிட்டால் வாசலில் காவல் போட்டுவிடுவார்கள், உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே போக முடியாது என்று ஊரில் பேச்சு.

அர்த்தநாரியின் வீட்டில் வெள்ளிக்கிழமை கல்யாணம். இன்று செவ்வாய். மகள் வசந்தாமணி இரண்டு நாளாக உள் அறையில் வேப்பிலைமேல் படுத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தபோது கழுத்திலும் தோளிலும் சிவந்து தடித்திருந்தது. மத்தியானத்துக்குள் கைக்கு இறங்கிவிட்டது. ராமாயி பார்த்தாள், மாரியம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், முறைப்படி செய்ய வேண்டியதை எல்லாம் செய்தாள். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினாள். வாசல் நிலையில் கட்டவேண்டிய வேப்பிலையை உள் அறைக் கதவின் உட்பக்கம் கட்டினாள். ஆத்தாளுக்குத் தெரிய வேண்டும், ஊருக்குத் தெரியக் கூடாது.

ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஆத்தா இறங்கியிருக்கும் வீட்டில் பந்தல்கால் நடக் கூடாது. வெள்ளிக்கிழமை தவறினால் மார்கழி வந்துவிடும். தை வரையில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா? இரண்டு வருடத்துக்கு முன் சங்ககிரிப் பக்கத்து இடம் ஒன்று, உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்த பிறகு, அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்து நின்றுபோயிற்று. அதற்கே ஊர் வாய் மூடவில்லை. இன்னொரு முறை நின்றால் பெண்ணின் தலையில் அந்தப் பெயர் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

ஜீப் வந்து நின்றது. பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் இறங்கினார். ஒடிசலான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. சுகாதார ஆய்வாளர் குமாரசாமி, ராசிபுரத்துக்காரர். அவருக்குப் பின்னால், இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி ஒரு கால் வெளியே வந்தது. அந்தக் காலை அர்த்தநாரி நன்றாக அறிவார். பக்கத்துத் தோட்டத்துச் சின்னுசாமி.

"வாங்க சின்னுசாமி. வழி காட்டவா வந்தீங்க?" என்றாள் ராமாயி.

சின்னுசாமி முழுவதுமாக இறங்கினார். "நல்லதுக்குத்தானுங்க சொன்னேன் அக்கா. கல்யாண ஊடு, ரெண்டு நாளாத் தாளிக்கிற வாசமே வரலீங்க. காத்து எங்க பக்கம் அடிச்சா உங்கூட்டுக் கடுகு வெடிக்கிறது என்ற கட்டிலுக்குக் கேக்கும். என்னமோ ஏதோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு."

"ஆயிரம் ரூவாய்க்கு யார் மனசுதான் அடிச்சுக்காது."

"அம்மா, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாமுங்க" என்றார் குமாரசாமி. "பொண்ணை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிர்றேன். மறைச்சு வெச்சா உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

அர்த்தநாரி கம்பியை மரத்தில் சாத்திவிட்டு முன்னால் நடந்தார். கால் நடந்தது. உடம்பு பின்னாலேயே நின்றுவிட்டதுபோல இருந்தது.

உள் அறையில் வசந்தாமணி எழுந்து சுவரோரம் உட்கார்ந்தாள். பத்தொன்பது வயது. ராமாயி அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். குமாரசாமி பையிலிருந்து அட்டை ஒன்றை எடுத்தார். அம்மை கண்ட குழந்தையின் படம். உடம்பெல்லாம் முத்து முத்தாக, முகத்தில் இடமே இல்லாமல். அர்த்தநாரி அதைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார்.

"காய்ச்சல் எத்தனை நாளாச்சு?"

"காய்ச்சல் இல்லீங்க" என்றாள் வசந்தாமணி.

குமாரசாமி உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். உள்ளங்காலைப் பார்த்தார். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னார். மூன்றும் சுத்தமாக இருந்தன. பிறகு கழுத்தின் பின்பக்கத்தையும் வலது தோளையும் வலது கையையும் பார்த்தார். சிவந்து, திட்டுத் திட்டாகத் தடித்து, நகம் பட்ட கோடுகளோடு இருந்தது.

"எரியுதா, அரிக்குதா?"

"அரிக்குதுங்க. உசுரு போற மாதிரி அரிக்குதுங்க."

"சனிக்கிழமை உடுத்தியிருந்த தாவணி எங்கே?"

ராமாயி கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அம்மை கண்ட வீட்டில் துணி வெளுக்கக் கூடாது என்று அதைத் துவைக்காமல் போட்டிருந்தார்கள். அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்து, பூதக்கண்ணாடியை வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்துக்கொண்டே போனார். தோள்பக்கம் வந்ததும் நிறுத்தினார். சின்ன இடுக்கியால் எதையோ பிடுங்கி அர்த்தநாரியிடம் நீட்டினார். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு மயிர், செம்பட்டை நிறத்தில்.

"இது அம்மை இல்லீங்க. கம்பளிப்பூச்சி. முருங்கை மரத்துல அப்பிக்கிட்டு இருக்குமே, அதோட முடி. உடம்புல குத்தி நிக்குது." பெண்ணைப் பார்த்தார். "முருங்கை மரத்துப் பக்கம் போனியாம்மா?"

"இல்லீங்க" என்றாள் வசந்தாமணி, தரையைப் பார்த்து.

"சரி, காத்துலகூடப் பறந்து வந்து ஒட்டும். ரெண்டு நாளைக்கு இந்த ரோஸ் கலர் மருந்தைத் தடவுங்க. வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசறதுக்குள்ள தெளிஞ்சிரும்."

ராமாயி நின்ற இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு எழுந்து கதவிலிருந்த வேப்பிலையை அவிழ்த்து, "ஆத்தா, பேர் தெரியாமக் கூப்பிட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதே" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள். ஒரு நிமிடத்தில் எண்ணெயில் கடுகு வெடித்தது. வெளியே நின்ற சின்னுசாமிக்குக் கேட்கட்டும் என்றே இரண்டு பங்கு கடுகைப் போட்டிருப்பாள் போலிருக்கிறது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லீங்களா?" என்றார் சின்னுசாமி, ஜீப்பில் சாய்ந்துகொண்டு.

"கம்பளிப்பூச்சியைக் காட்டிக் குடுத்தா அரசாங்கம் பரிசு தர்றதில்லீங்க" என்றார் குமாரசாமி.

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாகச் சுமந்த சுமை இறங்கிப் போனது போல இருந்தது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த மனிதருக்கு என்ன கொடுத்து அனுப்புவது என்று தெரியவில்லை. கறிவேப்பிலை ஒரு கொத்து ஒடித்தார், கொய்யா நாலு பறித்தார். அதுவும் போதாது என்று தோன்றி, மரத்தைக் காட்டுகிறேன் வாருங்கள் என்று வாய்க்கால் ஓரம் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே மாமரமும் முருங்கையும் பத்தடி இடைவெளியில் நின்றன. முருங்கையின் கிளைகள் மாமரத்தின் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தன. அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, மரத்துக்கே சட்டை போட்டதுபோல் இருந்தது.

"இத்தனையை வெச்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க? பந்தம் கட்டி எரிச்சிருக்கலாமே" என்றார் குமாரசாமி.

"நேரமில்லீங்க. நான் இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கறேன்." அர்த்தநாரி மாமரத்தின் பொந்தைக் காட்டினார். அதன் வாயிலிருந்து மரத்தூள் கசிந்து, பிசினோடு கலந்து வழிந்திருந்தது. "குண்டு மாங்காய் மரமுங்க. இதுக்கு ஜோடி ஒண்ணு கிணத்து மேட்டுல இருந்துச்சு. போன வருசம் பூவும் பிஞ்சுமா நின்ன மரம் ஒரே வாரத்துல காஞ்சிருச்சு. வெட்டிப் பார்த்தா உள்ளே வெறுங்குழல். என்ற கட்டை விரல் தண்டிக்குப் புழு படுத்துக் கெடக்குது."

"வண்டுதானே அது?"

"ஆமாங்க. நீளமா ரெண்டு மீசை, உடம்பைவிட நீளம். அது வந்து பட்டை வெடிப்புல ஒரு முட்டையை வெச்சுட்டுப் போயிரும். அவ்வளவுதான் அதோட வேலை. புழு உள்ளே போய் வருசக்கணக்காத் தின்னும். இலை பச்சையாத்தான் இருக்கும், நமக்கு ஒண்ணும் தெரியாது. இந்தத் தூளு மட்டும்தான் அடையாளம்."

"இதுக்கும் அதுக்கும் எது மோசம்?" குமாரசாமி முருங்கையைக் காட்டினார்.

"கேக்கோணுங்களா? அது வெறும் ஆர்ப்பாட்டமுங்க. அந்தி சாஞ்சா அதோட தாய் அந்துப்பூச்சி வெளக்கைச் சுத்திப் பறக்கும், பார்த்தாலே தெரிஞ்சிரும். நூறு முட்டையை ஒரே எடத்துல வெக்கும். நூறும் வெளியிலயே நின்னு, மசுரைச் சிலுப்பிக்கிட்டு, இலையைத் தின்னும். முருங்கை மொட்டையாகும். மூணு வாரத்துல திரும்பத் தழைஞ்சிரும். ஒரு முருங்கையாவது அதனால செத்துச்சுன்னு கேட்டிருக்கீங்களா? இந்த வண்டு ஒண்ணே ஒண்ணு போதும், மாமரமே போயிரும்."

குமாரசாமி தலையை ஆட்டினார். "நான் பார்க்கிற வீடுகள்லயும் அப்படித்தாங்க. கத்தி ஊரைக் கூட்டறவங்களுக்கு ஒண்ணும் இருக்காது." கொய்யாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். சின்னுசாமியை ஏற்றிக்கொள்ளவில்லை. அவர் வரப்பு வழியாக நடந்து போனார்.

அர்த்தநாரி கம்பியை எடுக்க மாமரத்தடிக்குத் திரும்பினார். காலையில் பொந்து இருந்த முன்பக்கத்தில் மட்டுமே நின்றிருந்தார். இப்போது பின்பக்கம் வேறு பொந்து இருக்கிறதா பார்க்கலாம் என்று சுற்றி வந்தார். இருந்தது. அடியில் மரத்தூள் கொட்டியிருந்தது. ஆனால் தூள் குவியலாக இல்லை. அழுந்தி, பாய் விரித்த அகலத்துக்குப் பரவிக் கிடந்தது. ஆடு படுத்திருக்கும் என்று நினைத்தார். பிறகு அதில் கருகிய கனகாம்பரச் சரம் ஒன்று கிடப்பதைப் பார்த்தார். பக்கத்திலேயே நசுங்கிய கம்பளிப்பூச்சி ஒன்று.

கனகாம்பரம் வசந்தாமணி கட்டியது. இரட்டை முடிச்சுப் போட்டு அவள்தான் கட்டுவாள்.

இங்கே வந்திருக்கிறாள். போகவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறாள். ஏன்?

யோசிக்க யோசிக்க, சற்று முன் இறங்கிய சுமை திரும்ப ஏறியது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண். கார்த்திகையில் முருங்கையடிக்குப் போகக் கூடாது என்று ஐந்து வயதிலேயே தெரியும். தெரியாமல் பட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமையே 'கம்பளிப்பூச்சி' என்று சொல்லியிருப்பாள். சொல்லாமல் இரண்டு நாள் வேப்பிலைமேல் படுத்துக் கிடந்தாள். ஆய்வாளர் சொன்னபோதுகூட அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

அப்படியானால் தெரிந்தேதான் வந்திருக்கிறாள். அம்மை என்றால் கல்யாணம் நிற்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஆட்டையாம்பட்டி இடம் வந்தபோது அவளைக் கேட்டார்தான். "உங்க இஷ்டமுங்கப்பா" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அதற்கு முன் டீச்சர் டிரெயினிங் போகிறேன் என்று ஒரு தடவை சொல்லியிருந்தாள். அதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை சண்முகவேல் திருச்செங்கோட்டில், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் லாரியில் வேலையாக இருக்கிறான். நல்ல பையன் என்று நாலு பேர் சொன்னார்கள். பெண் பார்க்க வந்த அன்று கால்மணி நேரம், அவ்வளவுதான் அவள் அவனைப் பார்த்தது. உப்புச் சர்க்கரை மாற்றிவிட்டால் தாலி கட்டும்வரை மாப்பிள்ளை பெண்வீட்டுத் தோட்டத்தை மிதிக்கக் கூடாது என்பது அர்த்தநாரி வீட்டு வழக்கம். அவருக்கும் அப்படித்தான் நடந்தது.

இலை பச்சையாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார்.

வீட்டுக்குள் போனார். வசந்தாமணி கையில் ரோஸ் மருந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, அப்பன் ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கமாட்டேன். இந்தக் கல்யாணம் உனக்கு வேண்டாமா?"

அவள் நிமிர்ந்தாள். "யாருங்கப்பா சொன்னது?"

"யாரும் சொல்லல. மாமரத்துக்குப் பின்னால உன்ற பூவு கெடந்துச்சு."

அவள் முகம் கழுத்தைவிடச் சிவந்தது. "அப்படியெல்லாம் இல்லீங்கப்பா."

"அப்பறம் ஏன் சாமி பொய் சொன்னே? வேண்டாம்னா இப்பச் சொல்லு. ஊர் என்ன பேசினாலும் பேசட்டும். நான் போய் அவங்க கால்ல விழுந்துட்டு வாரேன். உள்ளயே வெச்சுக்கிட்டுக் கெடந்து கருகாதே."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அடுப்படியைப் பார்த்தாள், தாய் காதில் விழும் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் ரோஸ் மருந்தின்மேல் விழுந்தது.

அது போதும் என்று அர்த்தநாரி முடிவு செய்துவிட்டார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் ஆட்டையாம்பட்டி போய்விடலாம். சம்பந்தியிடம் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது? முதல் பொத்தானை இரண்டாவது ஓட்டையில் போட்டார். கழற்றித் திரும்பப் போட்டார்.

வாசலில் நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தார். சம்பந்தி சென்னிமலை, மாப்பிள்ளையின் அப்பா, தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி வெகுநேரம் ஓரமாக ஒதுக்கி வைத்தார். செருப்பை ஒதுக்கி வைக்க அவ்வளவு நேரம் ஆகாது.

செய்தி போய்விட்டது என்று அர்த்தநாரி நினைத்தார். சின்னுசாமி வாய் சும்மா இருக்குமா?

"வாங்க மச்சான். உக்காருங்க."

சென்னிமலை கட்டிலின் நுனியில் உட்கார்ந்தார். ராமாயி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் சொம்பைத் தொடவில்லை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க மச்சான். வெள்ளிக்கிழமை கல்யாணத்தை ஒத்திவெக்கோணும்."

அர்த்தநாரிக்கு நல்லதாகப் போயிற்று, அவர்களே சொல்லிவிட்டார்கள் என்றும் இருந்தது, இப்படியா முடிய வேண்டும் என்றும் இருந்தது.

"உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. கொறை எங்கூட்டுல. பையனுக்கு ஆத்தா இறங்கியிருக்குது. ஞாயித்துக்கெழமை காலையில எந்திரிச்சான், கழுத்தெல்லாம் செவந்து தடிச்சிருக்குது. இடது தோளு, இடது கையி. வேப்பிலையைக் கட்டிப் படுக்க வெச்சிருக்கறோம். ரெண்டு நாளா உங்ககிட்டச் சொல்ல வாயே வரல. இன்னைக்காவது சொல்லோணும்னு வந்தேன்."

"காய்ச்சல் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"எரியுதா, அரிக்குதா?"

சென்னிமலை வியப்போடு பார்த்தார். "அரிக்குதுன்னுதான் உருண்டுக்கிட்டுக் கெடக்கறான். எப்படிக் கேட்டீங்க?"

அர்த்தநாரி எழுந்து நின்றார். "மச்சான், மோரைக் குடிங்க. அது அம்மை இல்லீங்க. என்ற பொண்ணுக்கும் அதேதான், ஞாயித்துக்கெழமை காலையிலதான். இப்பத்தான் அம்மைக்கார ஆபீசரே வந்து பார்த்துட்டுப் போனாரு. கம்பளிப்பூச்சி மசுரு. ரோஸ் கலர் மருந்து குடுத்துட்டுப் போயிருக்காரு, பாதியைக் கொண்டுபோங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள தெளிஞ்சிரும்."

"நெசமாலுமா?"

"நெசமாலும்ங்க. முருங்கை மரத்துல இருக்குமே, அதே பூச்சி."

சென்னிமலை சொம்பை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். மீசையைத் துடைத்தார். கண் கலங்கியிருந்தது, சிரித்து மறைத்தார். "கூறுகெட்ட பய. பத்து நாளாச் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பத்திரிகை வெக்கப் போறேன் பத்திரிகை வெக்கப் போறேன்னு ஒரே சுத்து. சனிக்கெழமை பொழுது எறங்கித்தான் ஊடு வந்தான். எங்கே போய் எதுல சாஞ்சானோ தெரியல. நாங்க மாரியாத்தா கோயிலுக்குக் கூழு ஊத்தறதாவே வேண்டிக்கிட்டோம்."

"அதை எதுக்கும் ஊத்திருங்க அண்ணா" என்றாள் ராமாயி கதவோரமாக நின்று. "நானும் ஊத்தோணும்."

மூவரும் சிரித்தார்கள். அர்த்தநாரிக்கு மட்டும் சிரிப்பு முழுசாக வரவில்லை. பெண்ணின் கண்ணீர் நினைவில் இருந்தது. உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவிடுக்கில் வளையல் சத்தம் கேட்டு, சட்டென்று நின்றது.

சென்னிமலை சிரிப்பதை நிறுத்திவிட்டு, காலிச் சொம்பைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு எதையோ யோசித்தார்.

"எல்லாஞ் சரிங்க மச்சான், ஆனா எங்க தோட்டத்துல முருங்கை மரமே இல்லீங்களே?"